எந்தக் கிம்முலே?

ஏலே பேராண்டி, ஒரகடத்துப் பக்கம் கொரியாக்காரன் கம்பெனியில வேல கெடச்சிருச்சுன்னு தெருவுக்கே அல்வா வாங்கிக் குடுத்தவன் நீ. இப்ப என்னடான்னா ராத்திரி பதினோரு மணிக்குப் போனப் போட்டு, "தாத்தா, இங்க அஞ்சு கிம்மு இருக்காக. கிம் சார் கூப்புடுதாருன்னா நான் எந்த ரூமுக்குப் போவேன்"னு அழுவுத. அஞ்சு ரூமுக்கும் போயிட்டு வாலே. ஒடம்புக்கும் நல்லது, பய சும்மா இருக்காம சோலியாவே திரியுதான்னு அஞ்சு பேரும் நெனச்சுக்கிடுவாக.

அதே போன்ல இன்னொரு ஞானமும் பேசுன. பொறக்கப் போற புள்ளைக்கு ஒரு குடும்பப் பேரு ஒட்டணும், பாஸ்போர்ட்டுப் பாரத்துல அந்தக் கட்டம் காலியா கெடக்கு, பெரிய மனுசங்க நாலு பேரு வச்சிருக்க பேராப் பாத்து வச்சா நமக்கும் ஒரு கெத்துன்னு. நல்ல ரோசனதான். நான் ரெண்டு நாளா கிளை நூலகத்துல உக்காந்து ஒனக்காகப் பாத்துட்டேன். புரியாத எடத்துல ஒங்க அக்கா மக போனத் தட்டிச் சொன்னா. வைக்கதுன்னு ஆயிப்போச்சு, சின்னதா ஏன் வைக்கணும்? கிம்முன்னே வச்சிரு. அந்தப் பேரோட என்னென்ன சொத்து வருதுன்னு கேளு, பொறவு கையெழுத்துப் போடு.

மொதல்ல ஆள் பலம். தென்கொரியாவுல 2015ல கணக்கெடுத்தப்ப, 1 கோடியே 6 லட்சத்துக்கு மேல கிம்மு. நூறு பேரு நின்னா அதுல 21 பேரு நம்ம ஆளு. லீயையும் பார்க்கையும் சேத்தா நாட்டுல கிட்டத்தட்ட பாதிப் பேரு இந்த மூணு பேருக்குள்ள அடங்கிப் போவான். சியோலுக்குப் போயி கிம் மாப்பிள்ளையத் தேடுன கதைன்னு அவுக ஊர்ல ஒரு சொலவடையே இருக்கு. ஒம் புள்ள நாளைக்கு ஊரெல்லாம் கடன் வாங்கிட்டு சியோலுக்குப் போயிட்டான்னு வச்சுக்கோ, ஒரு பய கண்டுபுடிக்க முடியாது. இந்த வசதி நம்ம பேர்ல உண்டா?

அடுத்து பரம்பர. அது இல்லாம பெரும எங்க இருந்து வரும்? புசான் பக்கத்துல கிம்ஹேன்னு ஒரு ஊரு. கி.பி. 42ல வானத்துல இருந்து தங்கப் பொட்டி எறங்குச்சாம், உள்ள ஆறு தங்க முட்டையாம். அதுல மொத முட்டையில வந்தவரு சூரோ மகாராசா. 150 வருசத்துக்கு மேல உசிரோட இருந்தாருன்னு எழுதி வச்சிருக்கான். கிம்ஹே கிம்மு எல்லாம் அவரு வம்சம். கியாங்ஜூ ஊர்க் கிம்முக்கு வேற பாட்டன். அவரு மரத்துல தொங்குன தங்கப் பொட்டியில கெடந்தாரு, கீழ ஒரு வெள்ளச் சேவல் நின்னு கூவுச்சு. நம்ம பக்கம் பொட்டியில புள்ள கெடந்தா பெத்தவ யாருன்னு போலீசு தேடும். அங்க ராச வம்சத்துக்கே பாட்டன் ஆக்கிட்டான்.

இப்ப நீ நிமிந்து உக்காருவ, எனக்குத் தெரியும். சூரோ மகாராசா கட்டிக்கிட்டது ஹியோ ஹ்வாங்-ஓக்குன்னு ஒரு பதினாறு வயசு இளவரசிய. கி.பி. 48ல கப்பல்ல வந்து எறங்குன புள்ள. ஊரு எதுன்னு கேட்டதுக்கு அயுதான்னு சொன்னதா அந்த ஊருப் பழைய நூலு சொல்லுது. வடக்கத்தியான் அது அயோத்திதான்னு 2001ல அங்க ஒரு நெனவுச் சின்னமே கட்டிட்டான். நம்மாளு விடுவானா? அது கன்னியாகுமரிப் பக்கத்து ஆய் நாடு, புள்ள பேரு செம்பவளம்னு ஒன் வாட்சப்பு குரூப்புல வாரத்துக்கு ஒருக்கா ஓடுது. சூரோ சமாதியில ரெட்ட மீனு பொறிச்சிருக்காம். மீனப் பாத்தா நம்மாளுக்குப் பாண்டியன் ஞாபகம் வந்துரும். கதைய எழுதுன இரியோன்ங்கிற சாமியாரு 13ஆம் நூற்றாண்டுக்காரரு. கலியாணம் நடந்ததாச் சொல்லுத வருசத்துக்கும் அவரு பேனாவுக்கும் எடையில 1200 வருசம். எங்க தாத்தன் கலியாணத்துல பந்தி போட்ட கறி ஆடா கோழியான்னே நம்ம வீட்டுல இன்னும் தீரல. ஆனா ஒனக்கு அது தோது. அடுத்த தடவ சம்பளம் ஏத்தச் சொல்லிப் போறப்ப, "ஐயா, நீங்க எங்க ஊரு மருமக வழியில வந்தவுக"ன்னு ஆரம்பி. மொதல்ல அவரு கிம்ஹே கிம்மான்னு கேட்டுக்கோ. வேற ஊர்க் கிம்முன்னா அந்த அம்மாவுக்கும் அவருக்கும் ஒரு சம்மந்தமும் கெடையாது, இருக்க சம்பளமும் போயிரும்.

சரி, அந்த ஒரு கோடிப் பேரும் தங்க முட்டையில வந்தவனான்னு கேப்ப. அங்கதாம்ல இருக்கு சூட்சுமம். பழைய காலத்துல கொரியாவுல குடியானவனுக்கும் அடிமைக்கும் குடும்பப் பேரே கெடையாது. ராசா வீட்டுக்காரன், பெரிய எடத்துக்காரன், அவுகளுக்குத்தான் அது. பெரிய எடத்துக்காரன்னா பட்டாளத்துக்குக் கட்டுத துணி வரியும் கெடையாது. அதனால நாலு காசு சேத்த வெள்ளாமைக்காரன் என்ன செஞ்சான்னா, நொடிச்சுப் போன பெரிய குடும்பமாப் பாத்து அவுக வம்சாவளிப் பொஸ்தகத்துல தன் பேரயும் காசு குடுத்து ஏத்திக்கிட்டான். கள்ளப் பொஸ்தகம் அச்சடிச்சு விக்கதே ஒரு தொழிலா நடந்திருக்கு. 1894ல அடிமத்தனத்த ஒழிச்சாக. 1909ல எல்லாரும் குடும்பப் பேரோட பதியணும்னு சட்டம் வந்துச்சு. பேரே இல்லாதவன்கிட்ட போயி ஒரு பேரு சொல்லுன்னா, மூக்கன்னா சொல்லுவான்? பெருசாப் பாத்து கிம், லீ, பார்க்குன்னு சொல்லிட்டான். அந்த ஒரு கோடியில முட்டையில வந்தது எத்தன, வரிசையில நின்னு வாங்குனது எத்தனன்னு இப்ப எவனாலயும் பிரிக்க முடியாது. ஒரு நூறு வருசம் கழிச்சு ஒம் புள்ளையையும் எவனும் பிரிக்க மாட்டான். தைரியமா நில்லு வரிசையில.

வாங்குன பேருக்கு வில்லங்கம் ஒண்ணு உண்டு, அதயும் சொல்லிப்புடுதேன். நம்மள்ல ஒரே குலசாமி கும்புட்டா பங்காளி, பொண்ணு எடுக்க முடியாதுல்லா? அங்கயும் அதே மொறதான். பேரும் ஒண்ணு, பூர்வீக ஊரும் ஒண்ணுன்னா பங்காளி. நம்ம மொறைய ஊருதான் காக்குது. அவுக அதச் சட்டத்துலயே எழுதிட்டாக. கிம்ஹே கிம்மு மட்டும் 44 லட்சத்துக்கு மேல, அம்புட்டுப் பேரும் அண்ணன் தங்கச்சி! காலேஜுல ஒரு புள்ளையப் பாத்து மனசு பறி குடுத்தவன், மொதல்ல ஒம் பேரு என்ன, ரெண்டாவது ஒன் தாத்தனுக்குத் தாத்தன் எந்த ஊருன்னு கேக்கணும். கேக்காமப் பழகிட்டு, கட்டிக்கிட்டதப் பதிய முடியாம, பொறந்த புள்ளைக்குச் சட்டப்படி அப்பன் பேரு குடுக்க முடியாம எத்தனையோ சோடி தவிச்சிருக்கு. 1978, 1988, 1996னு மூணு தடவ மட்டும் தவணை குடுத்து, அதுக்குள்ள பதிஞ்சுக்கோன்னு கதவத் தொறந்து விட்டாக. 1997லதான் அரசியல் சாசனக் கோர்ட்டு இது செல்லாதுன்னுச்சு. 2005ல சட்டமே மாறுச்சு. தாத்தன் காசு குடுத்து வாங்குன பேருக்குப் பேரன் பொண்டாட்டியப் பலி குடுத்திருக்கான்லே. சிரிக்கதா அழுவதான்னு எனக்கே தெரியல.

பேரு வச்சாப் பெரிய மனுசன் கூட்டுச் சேருவான்னு சொன்னேல்ல, வா, அந்தக் கூட்டத்தப் பாப்போம். தென்கொரிய அரசியல்ல மூணு கிம்முன்னு ஒரு காலமே ஓடிருக்கு. கிம் யங்-சாம், கிம் டே-ஜுங், கிம் ஜாங்-பில். மொத ரெண்டு பேரும் பட்டாள ஆட்சிய எதுத்து அடிபட்டவுக. மூணாவது ஆளு அந்தப் பட்டாள ஆட்சியக் கொண்டாந்ததுல ஒருத்தரு. 1961ல பார்க் சுங்-ஹீ ஆட்சியப் புடிச்சப்பக் கூட நின்னு, கேசிஐஏன்னு உளவுத் துறையையும் உண்டாக்குனவரு. பார்க்கோட அண்ணன் மகளக் கட்டுன மருமகன் வேற.

இப்பக் கதையக் கவனமாக் கேளு, குழம்பிருவ. 1973 ஆகஸ்ட்டுல கிம் டே-ஜுங் டோக்கியோ ஓட்டல்ல தங்கியிருக்காரு. அந்த உளவுத் துறை ஆளுக அவரத் தூக்கிட்டுப் போயி படகுல ஏத்தி, கடல்ல தள்ளுத வரைக்கும் போயிட்டாக. எப்படியோ தப்பிச்சு சில நாள்ல சியோல்ல அவரு வீட்டு வாசல்ல கொண்டாந்து விட்டாக. எங்க ஊருக்குள்ள வந்து ஆளத் தூக்குவியான்னு ஜப்பான்காரன் குதிச்சான். வருத்தம் சொல்ல டோக்கியோவுக்குப் போனது யாரு? அப்பப் பிரதமரா இருந்த கிம் ஜாங்-பில். கிம்மத் தூக்குனதுக்குக் கிம்மு போயி மாப்புக் கேக்காரு. அப்ப ரெண்டு பேரும் ஜென்மப் பகையாளின்னு நெனச்சேன்னா நீ அரசியலுக்கு ஆக மாட்ட. 1997ல கிம் டே-ஜுங் ஜனாதிபதித் தேர்தல்ல செயிச்சாரு, நாலாவது தடவையா நின்னு. செயிக்கக் கூட்டணி வச்சது யாருகூட? அதே கிம் ஜாங்-பில்தான். கூலியாப் பிரதமர் பதவி.

நடுவுல 1987ல நடந்தத விட்டுட்டேன். ரொம்ப வருசத்துக்குப் பொறவு சனங்க நேரடியா ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுத தேர்தல். எதுத்தாப்புல பட்டாளத்துப் பக்கம் ரோ டே-வூ. கிம் யங்-சாமும் கிம் டே-ஜுங்கும் ஒண்ணா நின்னிருந்தாப் போதும், ஆளுக்கொரு பக்கம் நின்னாக. யங்-சாமுக்கு 28 சதவீதம், டே-ஜுங்குக்கு 27. ரோ 36.6 வாங்கிப் போயி உக்காந்துட்டாரு. மூணாவது கிம்மும் நின்னு 8 சதவீதம் வாங்குனாரு. மூணு கிம்மையும் கூட்டுனா அறுபதுக்கு மேல! கூட்டத்தான் அங்க ஆளு இல்ல. பேரு ஒண்ணா இருந்தா சேந்து நிப்பான்னு நீ சொன்னது இதத்தானா பேராண்டி? அதுலயும் யங்-சாம் 1990ல அந்த ரோ கட்சியோடவே போயி ஐக்கியமாயி, 1992ல கிம் டே-ஜுங்கத் தோக்கடிச்சு ஜனாதிபதி ஆனாரு. ஆன வேகத்துல 1993ல ஒரு சட்டம் போட்டாரு பாரு, பேங்குல இனி எல்லாரும் சொந்தப் பேர்லதான் கணக்கு வைக்கணும், கள்ளப் பேரு கூடாதுன்னு. ஒரு கோடிப் பேரு கிம்முன்னு அலையுத நாட்டுல! நல்ல சட்டம்தான், லஞ்சப் பணம் நெறைய வெளிய வந்துச்சு. எனக்குத்தான் அடக்க முடியாம சிரிப்பு வந்துச்சு, நூலகத்து அம்மா மொறச்சுச்சு.

இதுக்கு எல்லாம் மேல 1979 அக்டோபர் 26. ராத்திரிச் சாப்பாட்டுல உக்காந்திருந்த ஜனாதிபதி பார்க் சுங்-ஹீயச் சுட்டுக் கொன்னது அவரு உளவுத் துறைத் தலைவர் கிம் ஜே-கியு. ஒரு கிம்மு உண்டாக்குன துறையில இன்னொரு கிம்மு தலைவரு. அதே சாப்பாட்டுல ஜனாதிபதியோட தலைமைச் செயலர் கிம் கே-வோனும் உக்காந்திருந்தாரு. பார்க்கச் சுத்தி எங்கிட்டுத் திரும்புனாலும் கிம்மு, பாவம் அந்த மனுசன். சுட்டவர 1980 மே மாசம் தூக்குல போட்டாக. சர்வாதிகாரிய ஒழிச்சவருன்னு கொஞ்சப் பேரும், எசமானச் சுட்டவன்னு மிச்சப் பேரும் இன்னிக்கு வரைக்கும் அங்க மல்லுக் கட்டுதாக.

வடக்கு? அதயும் சேத்துத்தான் வாங்கணும், 'பாதிய மட்டும் தா'ன்னு கேக்க முடியாது. கிம் இல்-சுங்குக்கு அப்பன் ஆத்தா வச்ச பேரு சுங்-ஜு. ஜப்பான்காரன எதுத்துக் காட்டுல திரிஞ்சப்ப இல்-சுங்குன்னு மாத்திக்கிட்டாரு. முன்பேர மாத்துனவரு கிம்ம விடல பாத்தியா. 1948ல ஆரம்பிச்ச ஆட்சி, 1994ல மகன் ஜாங்-இல்லுக்கு, 2011ல பேரன் ஜாங்-உன்னுக்கு. பொதுவுடமைன்னு போர்டு போட்டுட்டு பட்டாவ மட்டும் வீட்டுக்குள்ள மாத்திக்கிட்டாக. ஜாங்-உன்னுங்கிற பேர இனி ஊர்ல எவனும் வைக்கப்படாது, வச்சவன் மாத்தணும்னு உத்தரவு போட்டதா 2014ல தென்கொரிய டிவியில செய்தி வந்துச்சு. கிம்முங்கிறத மாத்தச் சொல்லல. சொன்னா நாட்டுல பாதிப்பேரு வேலய விட்டுட்டுத் தாலுகா ஆபீசு வாசல்லதான் நிக்கணும்.

அந்த ஜாங்-உன்னோட அண்ணன் ஜாங்-நாம், வேற தாயார் மகன். 2017 பிப்ரவரியில கோலாலம்பூர் ஏர்போர்ட்டுல மூஞ்சியில விசத்தப் பூசிக் கொன்னாக. அவரு கையில இருந்த பாஸ்போர்ட்டுல பேரு கிம் சோல். ஒளிஞ்சு வாழ ஒரு பேரு தேடுன மனுசன், அப்பவும் இன்னொரு கிம்முக்குள்ளதான் ஒளிஞ்சாரு. ஒன் பாரத்துல காலிக் கட்டம் கெடக்கேன்னு கவலப்படுதியே, கட்டம் ரொம்புனவன் கதி இது.

வடக்குக் கிம்மும் தெற்குக் கிம்மும் ஒருக்கா கை குலுக்குனாக. 2000 ஜூன்ல, பியாங்யாங்குல. கிம் டே-ஜுங் போனாரு, கிம் ஜாங்-இல் ஏர்போர்ட்டுக்கே வந்து வரவேத்தாரு. அந்த வருசமே டே-ஜுங்குக்கு அமைதிக்கான நோபல். போறதுக்கு முன்னாலயே கோடிக் கணக்குல டாலரு ரகசியமா வடக்க மொய்யாப் போன விசயம் 2003ல விசாரணையில வெளிய வந்துச்சு. அதுக்காக அந்த மனுசனக் கொறைச்சுச் சொல்ல மாட்டேன். மரண தண்டனை வரைக்கும் போயிட்டு வந்தவரு. தேர்தல்ல செயிச்ச பொறவு தன்னைத் தூக்குல போடப் பாத்த பட்டாளத் தலைவனக்கூட ஜெயில்ல இருந்து வெளிய விடச் சம்மதிச்சவரு. கிம்முகள்ல எனக்குப் புடிச்சவரு அவருதான்.

இன்னும் நல்ல கிம்மு வேணும்னா, கிம் ஜுங்-ஹோன்னு ஒருத்தரு. 1861ல கொரியா முழுசுக்கும் மடிச்சு வைக்குத மாதிரி 22 ஏடா ஒரு வரைபடம் பண்ணுனாரு. எல்லாத்தையும் ஒண்ணா விரிச்சா ரெண்டு மாடி ஒசரம். நாடு முழுசையும் தாள்ல எறக்குன அந்த ஆளு எங்க பொறந்தாரு, எப்பச் செத்தாருன்னு சரியான விவரம் இல்ல. ஐஸ் மேல வழுக்கி ஆடுத யூ-னா கிம்மு, 2010ல வான்கூவர்ல 228.56 புள்ளி எடுத்துத் தங்கம் வாங்குன புள்ள. வீடியோவ ஒங்க ஆச்சி பாத்துட்டு, விழுந்துருமேன்னு கண்ண மூடிக்கிட்டா. ஒங்க அக்கா மக செவுத்துல ஒட்டி வச்சிருக்காளே ஏழு பயலுக, பிடிஎஸ்ஸு, அதுலயும் மூணு பேரு கிம்மு. மூணு பேரும் மேடையில அந்தப் பேரச் சொல்லிக்கிட மாட்டானுக. ஆர்எம், ஜின், வீன்னுதான். நீ தேடிப் போற பேர அவனுக கழட்டி வச்சிட்டுப் போயிட்டானுக. அமெரிக்காவுல கிம்முன்னு ஒரு பிரபலப் பொம்பள உண்டு, அது கணக்குல வராது, அதுக்கு முன்பேருதான் கிம்மு. இத நான் கேட்டதுக்கு ஒங்க அக்கா மக தலையில அடிச்சுக்கிட்டா.

ஒம் பொண்டாட்டிகிட்டயும் ஒரு வார்த்த கேட்டுக்கோ. கொரியாவுல பொண்ணு கட்டிக்கிட்டுப் போனாலும் பொறந்த வீட்டுப் பேரு மாறாது. அதனாலதான் இந்த வேடிக்க: 2008ல இருந்து அங்க ஜனாதிபதியா வந்தவுகள்ல சம்சாரம் உள்ளவுக நாலு பேரு, லீ, மூன், யூன், திரும்ப ஒரு லீ. நாலு பேரு சம்சாரமும் கிம்மு! ஆம்பளைக வேற வேற பேர்ல வாராக, போறாக, சிலபேரு ஜெயிலுக்கும் போறாக. வீட்டுக்குள்ள ஆட்சி நிரந்தரமா கிம்முதான்.

இனி ஆபீசு விசயம். ஆயிரம் ரூவா வாங்காம ஒனக்கு இதச் சொல்லப்படாது, இருந்தாலும் சொல்லுதேன். கொரியாக்காரன் ஆபீசுல எவனும் கிம்முன்னு மட்டும் கூப்புட மாட்டான். பேரோட பதவியச் சேக்கணும். துறைக்குத் தலைவருன்னா கிம் புஜாங், பிரிவுக்குத் தலைவருன்னா கிம் குவாஜாங், அதுக்கும் கீழன்னா கிம் தேரி. பின்னால மரியாதைக்கு ஒரு நிம் போடு. நம்ம "ங்க" மாதிரின்னு வச்சுக்கோ. ரெண்டு கிம் புஜாங் இருந்தா முழுப் பேரையும் சொல்லிப் பதவியச் சொல்லு. ஆளுக்குப் பதவி ஏறுனா அன்னிக்கே கூப்புடுத பேரும் மாறிப்போகும், பழச நாக்குல வச்சுக்கிட்டுப் போயி வாங்கிக் கட்டிக்காத. பதவி போன கிம்ம எப்படிக் கூப்புடணும்னு கேக்காத. பதவி போனவர யாரு கூப்புடுதா?

அஞ்சு பேர்ல ஒருத்தரு ரெண்டு வார்த்த சிரிச்சுப் பேசுதவரா இருப்பாரு, அவரக் கண்டுபுடி. தீவாளிக்கு லீவு அவருகிட்டக் கேளு. வடக்கத்திக் கிம்மு ஒங்களுக்குச் சொந்தமான்னு மட்டும் வேடிக்கைக்குக்கூடக் கேட்டுறாத. அந்தக் கேள்விய உலகம் முழுக்க எல்லாப் பயலும் கேட்டு அவுகளுக்கு அலுத்துப் போச்சு.

புள்ளைக்குக் குடும்பப் பேரு வைக்கணும்னு நீ இன்னமும் ஒத்தக் கால்ல நின்னேன்னா, கிம்மு அம்புட்டுத் தூரத்துல இருந்து எதுக்கு? அந்தக் கட்டத்துல ஒந் தாத்தன் பேர எழுது. இந்தத் தாலுகாவுலயே அந்தப் பேரு என் ஒருத்தனுக்குத்தான். அதனாலதான் கூட்டுறவு பேங்குக்காரன் நோட்டீசு ஒரு நாளும் வழி தவறாம நேரா நம்ம வீட்டுக்கே வந்துருது. இந்த மாசத்து நோட்டீசு திண்ணையிலதான் கெடக்கு, படம் எடுத்து அனுப்பச் சொல்லுதேன், தொகைய மட்டும் பாத்துக்கோ.